பூச்சிப்பல் என்னும் பொய்ப்பெயர்

நோயின் பெயர் பிழையாயின் அதற்குச் செய்யும் மருத்துவமும் பிழையாகும் என்பதற்குப் பற்சொத்தையைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இதனைத் தமிழர் பூச்சிப்பல் என்கின்றனர். மலையாளிகள் புழுப்பல்லு என்கின்றனர். திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை அடுத்துள்ள பழவங்காடியில் இவ்விரு மொழிகளும் ஒரே தெருவில் வழங்குகின்றன. கணபதி கோயிலில் தேங்காய் உடைக்க வருவோரும், சாலைக் கடைத்தெருவில் சரக்கு வாங்க வருவோரும், எம்மொழியினராயினும், குழந்தையின் பல்லில் கருத்த குழி ஒன்றைக் கண்டால் பூச்சி அரித்துவிட்டது என்றோ புழு தின்றுவிட்டது என்றோதான் கூறுவர். மொழி இரண்டாயினும் பிழை ஒன்றே.

பெயர் எதுவாயின் என்ன, நோய் ஒன்றுதானே என்று சிலர் எண்ணலாம். அவ்வாறு எண்ணுவதற்கில்லை. பூச்சி என்பது வெளியிலிருந்து வந்து புகும் உயிர். அது புகும்வரை கவலையில்லை. புகுந்தபின் அதனை எடுப்பிக்க வேண்டும். எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. இம்மூன்று எண்ணங்களும் அப்பெயரோடு சேர்ந்தே பெற்றோர் மனத்தில் இடம் பெறுகின்றன. மூன்றும் தவறானவை. பற்சொத்தை ஒரு நாளில் வந்து புகும் பகையன்று. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நடைபெறும் கரைவு. தொடக்க நிலையில் அதனை நிறுத்தலாம். இழந்ததில் ஒரு பகுதியை மீட்கவும் செய்யலாம். இந்த நற்செய்தியைப் பூச்சி என்னும் சொல் முற்றிலும் மறைத்துவிடுகிறது. ஆகவே களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களிடம் பேசும்போது இச்சொல்லை விலக்க வேண்டும் என்பது, சுகாதார வெளியீடுகளைத் தமிழாக்கும் பணியில் உள்ள எனது உறுதியான கருத்து.

நோயின் அளவை முதலில் நோக்குவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய்நோய்களுக்கு ஆளாகியுள்ளனர். அவர்களுள் பாற்பற்களில் சொத்தையுடைய குழந்தைகள் மட்டும் 51 கோடிக்கு மேற்பட்டவர்கள். நம் நாட்டில் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசிய ஆய்வில், 12 வயதுச் சிறுவர் சிறுமியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேருக்குச் சொத்தை இருக்கக் காணப்பட்டது. வகுப்பறையில் நாற்பது பேர் அமர்ந்திருந்தால் அவர்களுள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் இந்நோயினர் என்பது இதன் பொருள்.

பழைய நம்பிக்கையின் வேர்

புழுவின்மேல் பழிபோடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மெசபொத்தேமியாவின் களிமண் ஏடுகளிலேயே பல்லைத் தின்னும் புழுவைப் பற்றிய மந்திரம் எழுதப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் குரோசாணி ஓமத்தின் வித்தைத் தணலில் இட்டு அதன் புகையை வாயில் பிடிக்கச் செய்து, பின்னர் நீரில் மிதந்த வெண்ணிறத் துணுக்குகளைப் புழுக்கள் என்று காட்டினர். அவை அவ்வித்தினின்று வெடித்து வெளிப்பட்ட கருமுளைகளேயன்றி வேறல்ல. நம் நாட்டில் கண்டங்கத்தரி வித்தைக் கொண்டு இதே முறையைக் கையாண்டனர். பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட தம் நூலில், உருப்பெருக்கியைக் கொண்டு தேடியும் பல்லில் புழுவைத் தாம் காணவில்லை என்று கூறினார். அதன் பின்னரும் அந்நம்பிக்கை நெடுங்காலம் மடியவில்லை.

அது மடியாமைக்குத் தக்க காரணம் ஒன்று உண்டு. சொத்தை ஆழமாகிப் பற்கூழை எட்டியதும் பொறுக்கலாகாத வலி தோன்றும். சில நாட்களில் அக்கூழ் இறந்துபடும். அதிலுள்ள நரம்பும் அழியும். அப்போது வலி தானே அடங்கும். அதே வேளையில் புகை பிடித்தவர், புகையால் புழு வெளியேறிற்று என்று நம்புவது இயல்பே. உண்மையில் நோய் தீரவில்லை. வேர்முனை வரை சென்றுவிட்டது. பிறகு சீழ் கட்டித் தாடை வீங்கும்போது, அதனை வேறொரு நோயாக எண்ணி மருந்து தேடுவர். வலி நீங்கியதைக் குணமென்று கொள்ளும் இந்த மயக்கம் பூச்சி என்னும் சொல்லிலிருந்து பிறப்பதே.

சொத்தை என்னும் பொதுச்சொல்லும் இக்குற்றத்தினின்று முற்றிலும் நீங்கியதன்று. சொத்தைக் கத்தரிக்காய், சொத்தைக் கடலை என்று வழங்கும் இடங்களில் உள்ளே ஒரு புழு இருப்பதாகவே பலர் எண்ணுவர். ஆயினும் அச்சொல் நூல்களிலும் மருத்துவமனைகளிலும் நிலைபெற்றுவிட்டது. அதனை அகற்றுதல் இயலாது. ஆகவே சொத்தை என்று சொன்ன மாத்திரத்தில், அது பல் கரைவதால் உண்டாவது என்று விளக்கும் கடமை நமக்கு உண்டு.

உண்மையில் நிகழ்வது யாது?

பல்லின் மேலுறையான எனாமல், நம் உடலில் உள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது. அதன் எடையில் நூற்றுக்கு 96 பங்கு சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரமும் சேர்ந்த தாதுப்பொருளாகும். இத்துணைக் கடினமான பொருளை எந்தப் புழுவும் கடித்துத் துளைக்காது. ஆனால் அமிலம் அதனைக் கரைத்துவிடும்.

அந்த அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர் 1890-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் புளிக்கச் செய்கின்றன. அதனால் விளையும் அமிலம் பல்லைக் கரைக்கிறது. இதுவே அவர் கண்ட உண்மை. 1924-இல் கிளார்க் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் சொத்தைப் பற்களிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். 1954-இல் ஓர்லண்டும் அவருடைய குழுவினரும் நுண்ணுயிர் அறவே இல்லாத சூழலில் எலிகளை வளர்த்து, அவற்றிற்குச் சர்க்கரை மிகுந்த உணவை அளித்தனர். அவற்றின் பற்களில் சொத்தை தோன்றவில்லை. எனவே சர்க்கரை மட்டும் இருப்பின் நோய் இல்லை. நுண்ணுயிர் மட்டும் இருப்பினும் நோய் இல்லை. இரண்டும் பல்லின்மீது போதிய நேரம் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த நேரத்தின் இன்றியமையாமையை 1940-களில் ஸ்டீபன் என்பவர் அளந்து காட்டினார். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே பல்லின்மேல் படிந்துள்ள படலத்தில் அமிலம் பெருகுகிறது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழ் இறங்கும்போது எனாமலின் தாதுப்பொருள் கரையத் தொடங்குகிறது. பின்னர் உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல ஈடுசெய்து, கரைந்த தாதுக்களைப் பல்லுக்குத் திரும்பக் கொடுக்கிறது. அமிலம் தணிந்து பழைய நிலை திரும்ப அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். நாள்தோறும் நம் வாயில் இந்த இழப்பும் வரவும் மாறி மாறி நடைபெறுகின்றன. இழப்பு வரவைவிட மிகுந்து, நெடுங்காலம் தொடருமாயின் அதன் விளைவே சொத்தை.

முதலில் தோன்றுவது குழியன்று. ஈறோரத்தில் சுண்ணாம்பு பூசியது போன்ற மங்கலான வெண்புள்ளியோ வெண்கோடோ தோன்றும். அப்போது மேற்பரப்பு உடையவில்லை. சர்க்கரையைக் குறைத்து, புளோரைடு பற்பசையால் முறையாகத் துலக்கினால் அவ்விடம் மீண்டும் உறுதிபெறக் கூடும். இந்த நிலையைத் தவறவிட்டால் அமிலம் எனாமலைக் கடந்து, அதனினும் மென்மையான தந்தினியை அடைகிறது. அங்கே பக்கவாட்டில் பரவுகிறது. பழவங்காடிக் கோயிலுக்கு வருவோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஓட்டில் நூலளவு கீறல் விழுந்த தேங்காய் வெளிப்பார்வைக்கு முழுத்தேங்காய் போலவே தோன்றும். உடைத்தால் பருப்பு அழுகியிருக்கும். பல்லும் அத்தகையதே. ஒரு நாள் கடினமான பண்டத்தைக் கடிக்கும்போது மேலுறை நொறுங்கிக் குழி வெளிப்படுகிறது. பெற்றோர் அன்றுதான் பூச்சி வந்தது என்கின்றனர். நோயோ வந்து பல மாதங்கள் ஆகியிருக்கும்.

எவ்வளவு என்பதும் எத்தனை முறை என்பதும்

இனிப்பு உண்ணாதே என்று குழந்தைகளுக்கு உபதேசிப்பது எளிது. அதனைக் கேட்பார் இலர். அப்பமும் மோதகமும் படைக்கப்படும் ஊரில் அந்த உபதேசம் செல்லவும் செல்லாது. விஞ்ஞானம் கூறுவது அதனினும் நுட்பமானது.

சுவீடன் நாட்டில் லுண்ட் நகரத்தை அடுத்த வீப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அறிவுவளர்ச்சி குன்றிய நோயாளிகளைக் கொண்டு, அவர்தம் சம்மதமின்றி நடத்தப்பட்ட ஆய்வு அது. இன்று எந்நாட்டிலும் அதற்கு அனுமதி கிட்டாது. ஆயினும் 1954-இல் வெளியான அதன் முடிவு பல் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. உணவோடு சேர்த்துச் சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை சிறிதளவே கூடிற்று. உணவு வேளைகளுக்கு இடையில் பல்லில் ஒட்டும் மிட்டாய்களைத் தின்றவர்களுக்கோ அது மிக விரைவாகப் பெருகிற்று.

இதனைக் கணக்கிட்டுக் காட்டினால் சிறுவரும் உணர்வர். ஒவ்வொரு முறையும் அமிலம் அரைமணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வேளை உணவால் ஒன்றரை மணி ஆகும். இடையில் ஒரு முறை மிட்டாய், ஒரு முறை பிஸ்கட்டு, இரு முறை சர்க்கரையிட்ட தேநீர், ஒரு முறை குளிர்பானம் என ஐந்து முறை சேர்ந்தால் மொத்தம் நான்கு மணியாகிறது. சாப்பாட்டுடன் இரண்டு மோதகம் உண்ட சிறுவனைக் காட்டிலும், ஒரே ஒரு மிட்டாயை மணிக்கணக்கில் கன்னத்தில் அடக்கிச் சுவைக்கும் சிறுவனுக்கே தீங்கு மிகுதி. திருவிழாப் பண்டத்தைத் தடுப்பதைவிட, பள்ளிக்கு எதிரே உள்ள மிட்டாய்ப் புட்டிகளை நாடும் வழக்கத்தைக் குறைப்பதே நமது நோக்கமாக இருக்க வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் பல்லுக்குத் தீங்கற்றவை என்னும் எண்ணத்தையும் திருத்த வேண்டும். அவற்றிலுள்ள சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் அமிலமாகவே மாற்றும். உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகக் குறைவாதலின், இரவில் சர்க்கரையிட்ட பாற்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் மேல்முன்பற்கள் முதலில் அழிகின்றன.

ஆறு வயதுப் பல்

பூச்சி என்னும் சொல்லுக்கு அடுத்தபடியாகப் பெருந்தீங்கு விளைப்பது, பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்னும் வாசகம். பாற்பற்கள் இருபது. அவற்றுள் கடைவாய்ப்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் நின்று பணியாற்ற வேண்டியவை. அவை முன்னரே வீழ்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பின்வரும் பல்லின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். பல்வலியால் உறங்காத குழந்தை மறுநாள் வகுப்பில் பாடம் கேட்பது எங்ஙனம்?

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றை ஆசிரியர் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஆறு வயதில், பாற்கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால், மேலும் கீழும் இரு பக்கமும் ஒவ்வொன்றாக நான்கு புதிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. அவற்றிற்கு இடமளிக்கப் பாற்பல் எதுவும் விழுவதில்லை. ஆதலின் பெற்றோர் அவற்றையும் பாற்பல் என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அவை நிலையான பற்கள்; வாழ்நாள் முழுவதும் உணவை அரைக்க வேண்டியவை. அவற்றின் மேற்பரப்பில் ஆழ்ந்த பள்ளங்கள் உள்ளமையால் உணவுத்துகள் தங்கிச் சொத்தை எளிதில் பற்றும். முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ ஒருவர் அதனைச் சுட்டிக்காட்டி, இது விழாது, இதைக் காப்பாற்றுங்கள் என்று தாயிடம் கூறினால் போதும். ஒரு பல் அறுபது ஆண்டு நிலைப்பதும் பத்து வயதில் பிடுங்கப்படுவதும் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது.

புளோரைடு பற்றிய இரு எச்சரிக்கைகள்

பல் கரைவதைத் தடுக்கும் பொருள்களுள் நன்கு மெய்ப்பிக்கப்பட்டது புளோரைடு. அது எனாமலில் சேர்ந்து, அமிலத்துக்கு எளிதில் கரையாத தன்மையை அளிக்கிறது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் படலத்தை அகற்றும். பழமொழி அவற்றைப் போற்றுவது தகுதியே. உமிக்கரியோ பல்லைத் தேய்த்து வெண்மையாக்குமாயினும் எனாமலையும் தேய்த்துவிடும். இவை எவற்றிலும் போதிய புளோரைடு இல்லை. ஆகவே புளோரைடு பற்பசையால் காலையிலும், உறங்குமுன் இரவிலும் துலக்குதல் வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயதினர்க்குப் பட்டாணியளவும் பசை போதும். நுரையைத் துப்ப வேண்டும். உடனே நிறைய நீரிட்டுக் கொப்பளிப்பது பயனைக் குறைக்கும். உறையில் புளோரைடு உள்ளதா என்று படித்துப் பார்த்து வாங்குவதும் அவசியம்.

முதல் எச்சரிக்கை, புளோரைடு மிகுந்த நிலத்தடிநீர் வழங்கும் ஊர்களைப் பற்றியது. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் குடிநீரின் மிகுதியான புளோரைடால் பற்களும் எலும்புகளும் கெடுவதை 1937-இலேயே ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். தமிழ்நாட்டில் தருமபுரி, கேரளத்தில் பாலக்காடு, ஆலப்புழை ஆகிய மாவட்டங்களின் சில பகுதிகளிலும் இத்தொல்லை உண்டு. அங்குப் பற்களில் காணும் பழுப்புக் கறை சொத்தையன்று. அதனைக் கண்டு குழந்தையைச் சுத்தமற்றவன் என்று கடிவது அநீதி. அத்தகைய ஊர்களில் குடிநீரைச் சோதித்து மாற்று நீர் தருவதே முதற்கடமை.

இரண்டாவது எச்சரிக்கை, மருத்துவத்தைத் தாமதித்தல் பற்றியது. வெள்ளி டயமின் புளோரைடு என்னும் மருந்தைக் குழியில் தடவினால், துளையிடாமலே பெரும்பாலான சொத்தைகளின் வளர்ச்சியை நிறுத்தலாம். 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சொத்தை கருநிறமாவது இதன் ஒரே பெருங்குறை. அதனைக் கண்டு பெற்றோர் அஞ்சாதவாறு முன்னரே எடுத்துரைக்க வேண்டும்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

மக்கள் வழங்கும் சொல்லாலேயே மக்களிடம் பேச வேண்டும்; நுண்ணுயிரும் ஓர் உயிர்தானே, பூச்சி என்று சொன்னால் என்ன குற்றம் என்று அனுபவம் மிக்க பணியாளர் சிலர் வினவுவர். இவ்வினா மதிக்கத்தக்கது. மக்களுக்கு விளங்காத கலைச்சொல்லைச் சுமத்துவதை நானும் விரும்பவில்லை. ஆனால் அந்த நுண்ணுயிர்கள் வாயில் நிலையாகக் குடியிருப்பவை. அவற்றை எவராலும் அடியோடு எடுத்துவிட முடியாது. எடுக்க வேண்டியதும் இல்லை. அவற்றிற்கு அடிக்கடி இரை போடாமல் இருப்பதே நாம் செய்யத்தக்கது. பூச்சி என்னும் சொல் பழியை வாயினுள் தேடச் சொல்கிறது. கரைவு என்னும் சொல் கையிலுள்ள பண்டத்தையும் கடிகாரத்தையும் நோக்கச் சொல்கிறது. பல் கரைகிறது என்னும் தொடர் படியாதவர்க்கும் விளங்கும் எளிய தமிழே. மலையாளம் பேசும் அண்டை வீட்டாரும் அதனை எளிதில் உணர்வர்.

இதனை வகுப்பறையில் காட்டுவதும் எளிது. ஒரு கிண்ணத்தில் நீரிலும் மற்றொன்றில் வினிகரிலும் ஒவ்வொரு முட்டையை இட்டு இரண்டு நாள் வையுங்கள். வினிகரில் இட்ட முட்டையின் ஓடு கரைந்து தோல் மட்டும் எஞ்சும். முட்டையோடும் எனாமலும் ஒரே பொருளல்ல என்பதையும், வாயிலுள்ள அமிலம் இத்துணைக் கடுமையானதன்று என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவிடுங்கள். எந்தப் பூச்சியும் இல்லாமலே கடினமான ஓடு மறைந்ததை அவர்கள் கண்ணால் காண்பர்.

கல்கத்தாவில் 1920-இல் டாக்டர் ரபியுதீன் அகமது பல் மருத்துவக் கல்லூரி நிறுவியதிலிருந்து இந்நாட்டில் பல் மருத்துவக் கல்வி வளர்ந்து வந்துள்ளது. சென்னையில் 1953-இலும் திருவனந்தபுரத்தில் 1959-இலும் அரசின் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. அங்குள்ள மருத்துவர்கள் திறமை மிக்கவர்கள். ஆயினும் அவர்களை நாடி வருவோருட் பலர் குழி விழுந்து, வலி மிகுந்து, பல்லைப் பிடுங்குவதற்கே வருகின்றனர். வெண்கோடாக இருந்த காலத்தில் அப்பல்லைக் கண்டிருக்கக் கூடியவர் ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளருமே.

ஆதலின் மாதத்துக்கு ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், ஒவ்வொரு குழந்தையின் மேலுதட்டையும் மெல்ல உயர்த்திப் பார்ப்பதை ஒரு வழக்கமாகக் கொள்ளுங்கள். அதற்குக் கருவி வேண்டா. தூய கை போதும். வெண்கோடு இருப்பின் வீட்டாரிடம் இனிப்பு எத்தனை முறை என்று கேளுங்கள். இரவில் துலக்கச் சொல்லுங்கள். குழி இருப்பின் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தாய் பூச்சி என்று சொன்னால் அவரைத் திருத்தி நாணச் செய்ய வேண்டா. பல் கரைகிறது அம்மா, இப்போது கவனித்தால் நிறுத்திவிடலாம் என்று மறுமொழி கூறுங்கள். அடுத்த முறை அவரும் அவ்வாறே சொல்வார்.